குறைந்த விலையில் ஒரு ஸ்கோப்: .22 அரைத் தானியங்கி ரைபிளுக்கு எதைப் பார்த்து வாங்குவது?

கடந்த வருடம் அமெரிக்காவிலிருந்து நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் அழைத்தான். என்னோடு ஒன்றாகப் படித்தவன். அங்கே மத்திய மேற்கு மாநிலமொன்றின் கிராமப்புறத்தில் வீடு வாங்கி, பின்வளவில் மரக்கறித் தோட்டம் வைத்திருக்கிறான். அந்தப் பகுதியில் கிரவுண்ட்ஹொக் என்றொரு விலங்கு உண்டு. அணில் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் பூனையளவு பருமன். மண்ணுக்குள் பொந்து தோண்டி இருந்துகொண்டு, ஒரே நாளில் ஒரு பாத்தி போஞ்சியைத் தின்று முடித்துவிடும். நிரந்தர வதிவிட உரிமை பெற்றவன் என்பதால் சட்டப்படி ஒரு ரைபிள் வாங்கியிருக்கிறான். அதன் மேல் பூட்டுவதற்கு இணையத்தில் மலிவாக ஒரு ஸ்கோப்பும் எடுத்திருக்கிறான்.

"மச்சான், நீ கமரா லென்ஸ் பற்றியெல்லாம் எழுதுறனி. இதுக்குள்ளால பார்த்தால் ஒண்டும் தெளிவாத் தெரியேல்லை. ஏன் எண்டு ஒருக்காச் சொல்லு."

படம் அனுப்பச் சொன்னேன். பெட்டியில் 6-24x50 என்று அச்சிட்டிருந்தது. துப்பாக்கியை விட ஸ்கோப்தான் பெரிதாகத் தெரிந்தது. "பெரிசா வாங்கினால் நல்லாத் தெரியும் எண்டுதான் வாங்கினனான்" என்றான்.

இந்தத் தவறு அவனுக்கு மட்டும் உரியதல்ல. மலிவுச் சந்தையில் விற்கப்படுவதே பெரிய எண்கள்தான். அதன்பிறகு உற்பத்தியாளர்களின் கையேடுகளைப் படித்தும், பல வருடங்களாக இலக்குப் பயிற்சி செய்பவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழும் எங்கள் ஆட்கள் பலர் பண்ணை வேலைக்கும் வேட்டைக்கும் இலக்குப் பயிற்சிக்கும் ரைபிள் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் இதைச் சொல்லும் கட்டுரைகள் எனக்கு அகப்படவில்லை. யுத்தத்துக்குள் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு ஸ்கோப் என்ற சொல் வேறொரு நினைவைக் கொண்டுவரும் என்பதும் தெரியும். அதனால்தான் கடைசிப் பகுதியையும் எழுதியிருக்கிறேன்.

முதலில் துப்பாக்கியும் தூரமும்

நண்பன் வாங்கியது ருகர் 10/22. 1964இல் அறிமுகமாகி இன்றுவரை உற்பத்தியாகும் ரைபிள் இது. பல மில்லியன் கணக்கில் விற்பனையானது. சுடுவது .22 லோங் ரைபிள் என்ற சிறிய, மலிவான தோட்டாவை. அரைத் தானியங்கி என்றால், விசையை ஒருமுறை இழுக்க ஒரு தோட்டா மட்டும் வெடிக்கும். வெற்றுக் கோதை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ளும். விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து வெடிக்கும் தானியங்கித் துப்பாக்கி வேறு.

ஸ்கோப் வாங்க முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு தூரத்துக்குச் சுடப்போகிறோம் என்பதுதான். .22 தோட்டாவுக்கு இதற்கான பதில் சுலபமானது. வழமையான அதிவேகத் தோட்டா ஒன்று குழலை விட்டு வெளியேறும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 1,200 அடி வேகத்தில் செல்லும். 50 யார் தூரத்துக்குச் சரிசெய்த துப்பாக்கியில், அந்தத் தோட்டா 75 யாரில் ஏறத்தாழ 2 அங்குலமும், 100 யாரில் 5 முதல் 7 அங்குலம் வரையும் கீழே விழும். ஒரு யார் என்பது 0.91 மீற்றர். காற்றுக்கும் இது இலகுவாக விலகும். ஆகவே தோட்டத்துக்கு வரும் விலங்கானாலும் கடதாசி இலக்கானாலும், இந்தத் துப்பாக்கியின் உண்மையான வேலை 20 யாருக்கும் 75 யாருக்கும் இடையில்தான் நடக்கிறது.

அந்தத் தூரத்துக்கு 24 மடங்கு உருப்பெருக்கம் தேவையில்லை. தேவையில்லாதது மட்டுமல்ல, அது இடைஞ்சலும் கூட.

பெட்டியில் உள்ள எண்கள்

3-9x40 என்று எழுதியிருந்தால், உருப்பெருக்கத்தை 3 மடங்கிலிருந்து 9 மடங்குவரை மாற்றலாம், முன்பக்க வில்லையின் விட்டம் 40 மில்லிமீற்றர் என்று பொருள். முன்பக்க வில்லையை எங்கள் உயர்தரப் பௌதிகவியல் புத்தகத்தில் பொருளி என்று படித்திருப்போம். 4x32 என்று ஒரே எண் இருந்தால் உருப்பெருக்கம் மாறாது.

உருப்பெருக்கம் கூடக்கூட மூன்று விடயங்கள் குறையும். முதலாவது, பார்வைப் பரப்பு. 3 மடங்கில் பார்க்கும்போது 100 யார் தூரத்தில் 30 அடிக்கு மேல் அகலமான காட்சி தெரியும். 9 மடங்கில் அது 14 அடிக்கும் கீழே இறங்கிவிடும். 25 யார் தூரத்தில் இவை இரண்டும் நான்கில் ஒன்றாகும். அதாவது 9 மடங்கில் பார்த்தால் தோட்டத்தில் மூன்று அடியளவு துண்டு மட்டும்தான் தெரியும். விலங்கு எங்கே என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

இரண்டாவது, வெளிச்சம். பொருளியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40 மில்லிமீற்றர் பொருளியை 4 மடங்கில் வைத்தால் 10 மில்லிமீற்றர். 9 மடங்கில் 4.4 மில்லிமீற்றர். 24 மடங்கு, 50 மில்லிமீற்றர் என்றால் 2 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும். மைம்மல் பொழுதில் மனிதக் கண்மணி 5 முதல் 7 மில்லிமீற்றர் வரை விரியும். வயது போகப்போக இந்த அளவு குறையும். கண்மணியை விட ஒளிக்கற்றை சிறியதாக இருந்தால் காட்சி இருட்டாகத் தெரியும். நண்பனுக்குத் தெளிவாகத் தெரியாமல் போனதற்கு இது ஒரு காரணம். அவன் பார்த்தது பின்னேரத்தில், 24 மடங்கில்.

மூன்றாவது, நிதானம். கைநடுக்கமும் அதே மடங்கில் பெருத்துத் தெரியும். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுபவருக்கு இது சமாளிக்கக்கூடியது. நின்றபடி சுடுபவருக்கு அல்ல.

இந்த ரைபிளுக்கு 2-7x32 அல்லது 3-9x32 போதும். 40 மில்லிமீற்றர் பொருளியும் தாராளமாகப் போதும். 4 மடங்கில் நிலையாக நிற்கும் சிறிய ஸ்கோப் கிடைத்தால் அதுவும் நல்லதே. அசையும் பாகங்கள் குறைவு என்பதால் அதே விலைக்குத் தரமான கண்ணாடி கிடைக்க வாய்ப்புண்டு.

குழாயின் விட்டம் ஒரு அங்குலமா, 30 மில்லிமீற்றரா என்பதும் பெட்டியில் இருக்கும். பருத்த குழாய் கூடுதல் வெளிச்சம் தரும் என்று விற்பார்கள். அது சரியல்ல. வெளிச்சத்தைத் தீர்மானிப்பவை பொருளியும் உருப்பெருக்கமும் கண்ணாடியின் தரமும்தான். பருத்த குழாயின் பயன், உள்ளே குறியைத் திருப்புவதற்குக் கூடுதல் இடம் இருப்பது. 75 யாருக்குள் சுடுபவருக்கு அந்த இடம் தேவைப்படாது.

பலர் கவனிக்காத ஒன்று: இடமாறு தோற்றம்

சுவர்க் கடிகாரத்தை நேரே நின்று பார்த்தால் ஒரு நேரமும், பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு நிமிடம் வித்தியாசமாகவும் தெரியும். முள்ளும் எண்பலகையும் ஒரே தளத்தில் இல்லாததுதான் காரணம். ஸ்கோப்பிலும் இதுவே நடக்கிறது. இலக்கின் விம்பமும் குறுக்குக் கம்பியும் ஒரே தளத்தில் விழாவிட்டால், கண் சற்று விலகும்போது குறுக்குக் கம்பி இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரியும். துப்பாக்கி அசையவில்லை, ஆனால் குறி மாறிவிடும்.

மலிவான ஸ்கோப்புகளில் இதைச் சரிசெய்யும் திருகு இருக்காது. தொழிற்சாலையிலேயே ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குச் சரிசெய்து மூடிவிடுவார்கள். பெரிய வேட்டை ரைபிள்களுக்கான ஸ்கோப்புகளில் அது பெரும்பாலும் 100 யார் அல்லது அதற்கு மேல். .22 துப்பாக்கிக்கென்று செய்யப்படுபவற்றில் 50 அல்லது 60 யார். 100 யாருக்குச் சரிசெய்த 40 மில்லிமீற்றர் ஸ்கோப்பால் 50 யாரில் உள்ள இலக்கைப் பார்க்கும்போது, கண் ஓரத்துக்கு விலகினால் ஒரு சென்ரிமீற்றர் வரை பிழை வரலாம். கடதாசி இலக்கில் இது பெரிய விடயமில்லை. ஒரு சிறிய விலங்கின் தலையைக் குறிவைக்கும்போது, உடனடி மரணத்துக்கும் தாடை உடைந்து பொந்துக்குள் போய்ப் பல நாள் கிடந்து சாவதற்கும் இடையிலான தூரம் அவ்வளவுதான்.

ஆகவே பெட்டியிலோ விபரக்குறிப்பிலோ ரிம்ஃபயர் என்ற சொல் இருக்கிறதா, இடமாறு தோற்றம் எத்தனை யாருக்குச் சரிசெய்யப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். வோர்டெக்ஸ் நிறுவனத்தின் குரொஸ்ஃபயர் 2 வரிசையில் வரும் 2-7x32 ரிம்ஃபயர் 50 யாருக்குச் சரிசெய்யப்பட்டது. லியூபோல்ட் நிறுவனத்தின் ரிம்ஃபயர் ஸ்கோப்புகள் 60 யாருக்கு. இதைக் குறிப்பிடாத விற்பனையாளரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

கண்ணாடியும் அதன் பூச்சும்

பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் தெறித்துவிடும். ஒரு ஸ்கோப்புக்குள் பல வில்லைகள் உண்டு. பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். அதனால்தான் தெறிப்பைத் தடுக்கும் பூச்சு முக்கியம். விபரக்குறிப்பில் புல்லி மல்டி-கோட்டட் என்றிருந்தால், காற்றைத் தொடும் எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறது என்று பொருள். கோட்டட் என்று மட்டும் இருந்தால் ஏதோ ஒரு பரப்பில் ஏதோ ஒரு பூச்சு இருக்கலாம், அவ்வளவே.

முன்பக்கம் சிவப்பாகவோ நீலமாகவோ பளபளப்பது தரத்துக்கு அடையாளமல்ல. கடையில் பார்க்கக் கிடைத்தால், வாசலுக்குக் கொண்டுபோய்த் தூரத்திலுள்ள ஓர் எழுத்துப் பலகையைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எழுத்துகளின் ஓரத்தில் ஊதாக் கோடு தெரிகிறதா, ஓரம் மங்குகிறதா என்று பாருங்கள். கடையின் உள்வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் நல்லதாகத்தான் தெரியும்.

உள்ளே நைதரசன் வாயு நிரப்பி மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிரிலிருந்து சூட்டுக்குள் வரும்போது உட்கண்ணாடியில் ஈரம் படியும். வெளியிலிருந்து துடைக்க முடியாது.

அரைத் தானியங்கியில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு வெடிக்கும் பின்னர் வெற்றுக் கோது வலது பக்கமாக வெளியே பறக்கும். அந்த வாசலை மறைக்காதவாறும், கைப்பிடியை இழுக்க விரலுக்கு இடம் இருக்குமாறும் ஸ்கோப் அமைய வேண்டும். பின்பக்கம் பருத்த, பெரிய திருகுகள் கொண்ட ஸ்கோப்புகள் இந்த இடத்தில்தான் தடக்கும்.

அடுத்தது உயரம். சாதாரண 10/22 துப்பாக்கியின் பிடங்கு, குழலின் மேலுள்ள இரும்புக் குறிகாட்டியால் பார்ப்பதற்கு ஏற்றவாறு தாழ்வாகச் செய்யப்பட்டது. அதன் மேல் 50 மில்லிமீற்றர் பொருளியுள்ள ஸ்கோப்பைப் பூட்டினால், குழலில் முட்டாதிருக்க உயரமான வளையங்கள் போட வேண்டிவரும். அப்போது கன்னம் பிடங்கில் படியாது. கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கண் வேறு இடத்தில் நிற்கும். முன்னர் சொன்ன இடமாறு தோற்றப் பிழை அங்கேதான் உள்ளே வருகிறது. 32 அல்லது 40 மில்லிமீற்றர் பொருளியும் தாழ்ந்த வளையங்களும் இந்தப் பிரச்சினையைக் காசு செலவில்லாமலே தீர்த்துவிடும்.

மூன்றாவது, நிறை. இந்த ரைபிளே 5 இறாத்தல் அளவுதான். முக்கால் கிலோ கண்ணாடியை அதன் மேல் வைத்தால் துப்பாக்கி தலைப்பாரமாகிவிடும்.

பின்னுதைப்பு மிகக் குறைவு என்பதால் கண்ணுக்கும் பின்வில்லைக்கும் இடையிலான தூரம் மூன்று அங்குலம் இருந்தாலே போதும். பெரிய ரைபிள்களில் அது போதாமல் போனால் புருவம் வெடிக்கும். பின்னர் அந்த ஸ்கோப்பை வேறு துப்பாக்கிக்கு மாற்ற நினைப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

பிடிப்பில் காசைக் குறைக்காதீர்கள்

நண்பனின் ஸ்கோப்போடு வளையங்களும் இலவசமாக வந்திருந்தன. அவற்றின் திருகுகள் இருபது வெடியில் தளர்ந்துவிட்டன. இலவச வளையங்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் "நேற்று சரியாக விழுந்தது, இன்று விழவில்லை" என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் பல தடவைகளில் ஸ்கோப் அல்ல, பிடிப்புத்தான்.

10/22 துப்பாக்கியின் மேற்பகுதியில் திருகுத் துளைகள் உண்டு. துப்பாக்கியோடு வரும் அடித்தளம் வீவர் வகை வளையங்களையும், எட்டில் மூன்று அங்குல அகலமான சிறிய வளையங்களையும் ஏற்கும். இயலுமானால் வீவர் வகையையே எடுங்கள். அதன் பிடி அகலமானது. திருகுகளை உற்பத்தியாளர் சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கூடுதலாக இறுக்கினால் துப்பாக்கியின் அலுமினிய உடலில் உள்ள புரி கழன்றுவிடும், அல்லது ஸ்கோப்பின் குழாய் நசிந்துவிடும். அளவு காட்டும் திருப்புளி ஒன்று வாங்கினால் வாழ்நாளுக்கும் உதவும்.

எவ்வளவு காசு ஒதுக்குவது?

அமெரிக்கச் சந்தையில் 50 டொலருக்கும் குறைவான ஸ்கோப்புகளில் பிழையற்ற ஒன்று கிடைப்பது அதிர்ஷ்டம்தான். 50 முதல் 100 டொலர் வரையில் .22க்கென்றே செய்யப்பட்ட எளிமையானவை உண்டு. பகல் வெளிச்சத்தில் கடதாசி இலக்குக்கு அவை போதும். 100 முதல் 200 டொலர் வரையில் நல்ல பூச்சு, நம்பகமான கிளிக், நீண்ட உத்தரவாதம் மூன்றும் சேர்ந்து கிடைக்கத் தொடங்கும். அதற்கு மேல் கொடுக்கும் காசுக்கு மைம்மல் நேரத் தெளிவு கூடும். இந்தத் துப்பாக்கிக்கு அது அவசியமா என்பதை அவரவர் யோசிக்கலாம்.

ஒரே விலையில் இரண்டு ஸ்கோப் இருந்தால், அம்சங்கள் குறைந்ததை எடுங்கள். 100 டொலருக்குள் ஒளிரும் குறுக்குக் கம்பி, 24 மடங்கு, லேசர், பெரிய பொருளி எல்லாம் தருகிறார்கள் என்றால், கண்ணாடிக்கு மிஞ்சும் காசு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். பிரபல நிறுவனங்களின் பெயரில் விளையாட்டுத் துப்பாக்கிக்கான போலிகளும் இணையத்தில் உலவுகின்றன. வழமையான விலையின் கால்வாசிக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

பாவித்த ஸ்கோப்பும் நல்ல வழிதான். வோர்டெக்ஸ் போன்ற சில நிறுவனங்களின் உத்தரவாதம் உரிமையாளர் மாறினாலும் தொடரும். நிக்கோன் நிறுவனம் 2019இன் இறுதியில் ரைபிள் ஸ்கோப் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதன் பழைய ஸ்கோப்புகள் நல்ல கண்ணாடி கொண்டவை. எனினும் திருத்த வேலை தேவைப்பட்டால் என்ன செய்வது என்பதை வாங்க முன் யோசியுங்கள்.

25 யாருக்குள் மட்டும் சுடுபவருக்கு ஸ்கோப்பே தேவையில்லாமலும் போகலாம். உருப்பெருக்கம் இல்லாத, ஒரு சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும் ரெட் டொட் அந்த வேலைக்குப் போதும். துப்பாக்கியோடு வரும் இரும்புக் குறிகாட்டியில் முதலில் பழகுவது இன்னும் நல்லது.

பூட்டிய பின்னர்

ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு ஒத்திசைப்பதை சீரோ செய்தல் என்பார்கள். 10/22 துப்பாக்கியின் பின்பக்கம் மூடியிருப்பதால் குழலுக்குள்ளால் பின்னிருந்து பார்த்து ஒத்திசைக்க முடியாது. ஆகவே அனுமதி பெற்ற சுடுதளத்தில், 25 யாரில் பெரிய கடதாசி ஒன்றோடு தொடங்குங்கள். துப்பாக்கியை மணல்மூட்டையில் நிறுத்தி மூன்று தோட்டாக்களைச் சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியைப் பாருங்கள். ஒரு தோட்டாவை மட்டும் பார்த்துத் திருகைத் திருப்பக் கூடாது.

திருகில் 1/4 எம்ஓஏ என்று எழுதியிருக்கும். எம்ஓஏ என்பது நாங்கள் கணிதத்தில் படித்த கலைதான். ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. 100 யார் தூரத்தில் ஒரு கலை 1.047 அங்குலம், வேலைக்கு ஒரு அங்குலம் என்றே வைத்துக்கொள்ளலாம். கால் கலைக்கு ஒரு கிளிக் என்றால், 100 யாரில் கால் அங்குலம், 50 யாரில் எட்டில் ஒரு அங்குலம், 25 யாரில் பதினாறில் ஒரு அங்குலம் நகரும். 50 யாரில் உங்கள் தோட்டாக்கள் 2 அங்குலம் கீழேயும் 1 அங்குலம் வலப்பக்கமும் விழுந்தால், 16 கிளிக் மேலே, 8 கிளிக் இடப்பக்கம்.

50 யாரில் சரிவந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே புள்ளியைக் குறிவைத்தபடி 20 கிளிக் வலம், 20 மேல், 20 இடம், 20 கீழ் என்று திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் மூன்று தோட்டாக்கள் சுடுங்கள். கடதாசியில் ஒரு சதுரம் வர வேண்டும். கடைசித் தோட்டாக்கள் தொடங்கிய இடத்திலேயே விழ வேண்டும். விழாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிய முன் கொண்டுபோய்க் கொடுங்கள். தோட்டாவின் வகையை மாற்றினால் விழும் இடமும் மாறும். ஆகவே ஒரே வகைத் தோட்டாவோடு இவை எல்லாவற்றையும் செய்யுங்கள்.

சட்டம்: இதை முதலில் படியுங்கள்

அமெரிக்காவில் மாணவர் வீசாவிலோ எச்-1பி போன்ற தற்காலிக வேலை வீசாவிலோ இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நண்பரின் துப்பாக்கியை எடுத்துப் பார்ப்பதுகூடச் சிக்கலாகலாம். வீசாவே பறிபோகக்கூடிய விடயம் என்பதால் சட்டத்தரணியிடம் கேட்காமல் இறங்காதீர்கள். வீட்டு வளவில் சுடலாமா, எந்த விலங்கை எப்போது சுடலாம் என்பவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கனடாவில் அனுமதிப்பத்திரம் கட்டாயம். 2020 மே மாதத்தில் ஏஆர்-15 உட்பட ஏறத்தாழ 1,500 மாதிரிகள் தடைசெய்யப்பட்டன. பட்டியல் பின்னரும் நீண்டது. பிரித்தானியாவில் 1988இலிருந்து அரைத் தானியங்கி ரைபிள்களில் .22 ரிம்ஃபயர் மட்டுமே, அதுவும் பொலிஸ் வழங்கும் சான்றிதழோடு அனுமதிக்கப்படுகிறது. அவுஸ்திரேலியாவில் 1996க்குப் பின்னர் அரைத் தானியங்கி .22கூட விவசாயிகள் போன்ற குறிப்பிட்ட சிலருக்கு மட்டும்தான்.

இன்னொன்று. ஸ்கோப் வெறும் கண்ணாடிதானே என்று நினைத்து அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் பொதியில் அனுப்பாதீர்கள். ரைபிள் ஸ்கோப் அந்நாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள். இங்கேயும் அதைப் பெறுபவர் பாதுகாப்புத் தரப்புக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். பறவை பார்க்கவென்றால் இருகண் தொலைகாட்டி வாங்கி அனுப்புங்கள்.

ஸ்கோப் காட்டாதவை

நண்பனிடம் கடைசியாகச் சொன்னதும் இருகண் தொலைகாட்டி வாங்கச் சொல்லித்தான். ஸ்கோப்பை எடுத்து "அங்கே அசைவது என்ன" என்று பார்ப்பது, என்னவென்று தெரியாத ஒன்றை நோக்கித் துப்பாக்கியை நீட்டுவதாகும். அது அயல்வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். வேட்டை விபத்துகளில், விலங்கென்று நினைத்து மனிதரைச் சுடுவது தனியொரு வகையாகவே பதிவாகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேட்டைக்காரர்கள் பளிச்சென்ற செம்மஞ்சள் உடுப்பு அணிய வேண்டும் என்று சட்டம் இருப்பது இதனால்தான்.

பெரிதாகத் தெரியும் காட்சி தட்டையாகவும் தெரியும். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அதற்குள் தெரியாது. இந்தச் சின்னத் தோட்டா தடையில்லாவிட்டால் ஒரு மைலுக்கு மேல் போகும். மண்மேடு போன்ற உறுதியான தடுப்பு பின்னால் இல்லாவிட்டால் சுடக் கூடாது.

இதைச் சொன்னபோது நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஊரில் இருந்த ஒருவரை ஞாபகப்படுத்தினான். பன்றிக்கென்று யாரோ கட்டி வைத்த கட்டுத்துவக்கில் முழங்காலுக்குக் கீழே இழந்தவர். விறகு எடுக்கப் போன இடத்தில் நடந்தது. "அதைக் கட்டினவனுக்கு ஆரில பட்டதெண்டே தெரிஞ்சிருக்காது என்ன" என்றான்.

அடுத்த மாதம் அந்த 6-24x50ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 2-7x32 ரிம்ஃபயர் ஒன்றும் தாழ்ந்த வளையங்களும் வாங்கினான். மிஞ்சிய காசுக்கு 8x42 இருகண் தொலைகாட்டி. தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவலையும் அடித்து, வலையின் அடியை ஒரு அடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்திருக்கிறான். இந்த வருடம் போஞ்சி நன்றாகக் காய்த்திருப்பதாகப் படம் அனுப்பினான். ரைபிளைச் சுடுதளத்துக்கு மட்டும்தான் கொண்டுபோகிறானாம்.